நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா? அறிய வேண்டிய விதிகள்

மூச்சுத்திணறலுடன் ஒருவர் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். 'இந்த இழுப்பு எத்தனை வருடமாக இருக்கிறது?' என்று பணியில் உள்ள மருத்துவர் கேட்கிறார். உடன் வந்த மனைவியோ மகனோ பதற்றத்தில், 'பத்து வருடமாக இருக்கிறது' என்கிறார்கள். அந்தப் பதில் நோயாளியின் குறிப்பேட்டில் பதிவாகிறது. காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை ஆராயும்போது முதலில் தேடுவது இத்தகைய பதிவைத்தான். பாலிசி எடுத்தபோது நிரப்பிய படிவத்தில் 'நுரையீரல் நோய் இல்லை' என்று குறிப்பிடப்பட்டிருந்தால், பல ஆண்டுகள் செலுத்திய பிரீமியம் பயனற்றுப் போகலாம்.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் எனப்படும் சிஓபிடி போன்றவை உள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு கிடைக்கவே கிடைக்காது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நோயைச் சொல்லாமல் மறைத்தால்தான் பாலிசி கிடைக்கும் என்ற தவறான ஆலோசனையும் சிலருக்குத் தரப்படுகிறது. உண்மையில் நோயைத் தெரிவித்துவிட்டே காப்பீடு பெற வழி உள்ளது. அதற்கான விதிகள் 2024-ஆம் ஆண்டு முதல் ஓரளவு தளர்த்தப்பட்டும் உள்ளன. அந்த விதிகள் என்ன, பாலிசியில் எவை அடங்கும், எவை அடங்காது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் யாரை அணுகுவது என்பதை இங்கே காணலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பாதிப்பு?

உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் ஒரு பகுதியாக 2018-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு சிஓபிடியும், சுமார் 3.8 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும் இருந்தன. உலக மக்கள்தொகையில் இந்தியாவின் பங்கு 18 சதவீதம். ஆனால், நாட்பட்ட சுவாச நோய்களால் உலகில் ஏற்படும் நோய்ச்சுமையில் இந்தியாவின் பங்கு 32 சதவீதம்.

புகைப்பிடிப்பவர்களுக்கு மட்டுமே இந்நோய் வருவதில்லை. விறகு அடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்கள், கல் குவாரிகளிலும் தூசி நிறைந்த ஆலைகளிலும் பணிபுரிந்தவர்கள், காசநோயிலிருந்து குணமடைந்தும் நுரையீரலில் தழும்பு எஞ்சியவர்கள் ஆகியோரும் பாதிக்கப்படுகின்றனர். இவர்களில் பலர் நோய்க்குப் பெயர் தெரியாமல், 'சளித் தொந்தரவு', 'வீசிங்' என்றே குறிப்பிடுகின்றனர். காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், நோயின் பெயர் நோயாளிக்குத் தெரியாவிட்டாலும் அது சிகிச்சையாகவே கருதப்படும்.

'முன்பே இருந்த நோய்' என்பது எது?

இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் எனப்படும் ஐஆர்டிஏஐ, 'முன்பே இருந்த நோய்' என்பதற்குத் திட்டவட்டமான வரையறை வகுத்துள்ளது. பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவரால் கண்டறியப்பட்ட நோயும், அதே காலத்துக்குள் மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்த நோயும், அவரிடம் சிகிச்சை பெற்ற நோயும் இதில் அடங்கும்.

சிறுவயதில் ஆஸ்துமா இருந்து, கடந்த பல ஆண்டுகளாக மருந்தோ மருத்துவ ஆலோசனையோ தேவைப்படாதவர்களுக்கு இந்த வரையறை சாதகமானது. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களில் 'எப்போதாவது ஆஸ்துமா அல்லது சுவாச நோய் இருந்ததா?' என்ற கேள்வி இடம்பெறும். வரையறை 36 மாதங்கள் என்றாலும், கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையான பதிலையே அளிக்க வேண்டும். 'சிறுவயதில் இருந்தது, இத்தனையாவது ஆண்டுக்குப் பின் சிகிச்சை தேவைப்படவில்லை' என்று விளக்கமாக எழுதுவது பாதுகாப்பானது.

மூன்று காலக்கெடுக்கள்

நுரையீரல் நோய் உள்ளவர் பாலிசி எடுத்ததும் மூன்று தனித்தனிக் காலக்கெடுக்கள் தொடங்குகின்றன.

முதலாவது, தொடக்கக் காத்திருப்புக் காலம். பாலிசி தொடங்கிய முதல் 30 நாள்களுக்கு விபத்து தவிர்த்த பிற சிகிச்சைகளுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

இரண்டாவது, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம். முன்பு 48 மாதங்கள் வரை இருந்த இந்த உச்சவரம்பு, 2024 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. இது உச்சவரம்பு மட்டுமே. இதைவிடக் குறைந்த காலத்தை நிறுவனங்கள் நிர்ணயிக்கலாம். கூடுதல் பிரீமியம் செலுத்தினால் காத்திருப்பை ஓராண்டாகவோ இரண்டு ஆண்டுகளாகவோ குறைக்கும் வசதி சில பாலிசிகளில் உண்டு. ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு அளிக்கும் பாலிசிகளும் விற்பனையில் உள்ளன. அவற்றில் ஆஸ்துமா மட்டும் அடங்குகிறதா, சிஓபிடியும் அடங்குகிறதா என்பதைப் பாலிசி ஆவணத்தில் சரிபார்ப்பது அவசியம்.

மூன்றாவது, மறுபரிசீலனைத் தடைக் காலம். ஒரு பாலிசி இடைவெளியின்றி 60 மாதங்கள் தொடர்ந்துவிட்டால், அதன் பின் 'நோயை மறைத்தீர்கள்', 'தவறான தகவல் அளித்தீர்கள்' என்ற காரணங்களைக் கூறிக் கோரிக்கையை நிராகரிக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு. முன்பு இந்தக் காலம் 8 ஆண்டுகளாக இருந்தது.

எடுத்துக்காட்டாக, சிஓபிடி உள்ள ஒருவர் நோயைத் தெரிவித்து, 2026 ஜனவரி 1-இல் பாலிசி எடுப்பதாகக் கொள்வோம். அந்தப் பாலிசியில் காத்திருப்பு 36 மாதங்கள் என்றால், டெங்கு போன்ற தொடர்பற்ற நோய்களுக்கு 30 நாள்களுக்குப் பிறகு பாதுகாப்பு தொடங்கும். நுரையீரல் நோய்க்கான சிகிச்சைக்கு 2029 ஜனவரியிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். 2031 ஜனவரியில் 60 மாதங்கள் நிறைவடையும். இடையில் காப்பீட்டுத் தொகையை ரூ.5 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சமாக உயர்த்தினால், உயர்த்தப்பட்ட தொகைக்கு மட்டும் காலக்கெடுக்கள் புதிதாகத் தொடங்கும். புதுப்பிக்கத் தவறி, சலுகைக் காலமும் முடிந்துவிட்டால், அதுவரை காத்திருந்த காலம் முழுவதும் வீணாகும்.

நோய் முற்றும் வரை காத்திராமல், நோய் கண்டறியப்பட்டவுடன் பாலிசி எடுப்பதே நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

நிரந்தரமாக விலக்க முடியுமா?

2019-ஆம் ஆண்டு ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பீடு கோருபவரின் ஒப்புதலுடன் நிரந்தரமாக விலக்கி வைக்கக்கூடிய 16 வகை நோய்களின் பட்டியல் இடம்பெற்றது. புற்றுநோய், கால்-கை வலிப்பு, நாட்பட்ட சிறுநீரக நோய், நாட்பட்ட கல்லீரல் நோய், பக்கவாதம் உள்ளிட்டவை அதில் அடங்கும். நுரையீரலைப் பெரிதும் பாதிக்கும் சார்காய்டோசிஸ் அந்தப் பட்டியலில் உள்ளது. ஆஸ்துமாவும் சிஓபிடியும் அதில் இல்லை.

எனவே, சார்காய்டோசிஸ் உள்ளவர்களுக்குப் பாலிசி வழங்கப்படும்போது, அந்த நோய்க்கு மட்டும் நிரந்தர விலக்கு விதிக்கப்படுகிறதா என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அத்தகைய விலக்கு 60 மாதங்களுக்குப் பிறகும் நீங்காது.

நிறுவனம் எவற்றைப் பார்க்கிறது?

எல்லா வயதினருக்கும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும், நாட்பட்ட நோயாளிகளுக்கும் பொருந்தும் பாலிசிகளை நிறுவனங்கள் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று 2024 மே 29-இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை கூறுகிறது. ஆயினும், குறிப்பிட்ட ஒருவரின் விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டுக் கொள்கையைச் சார்ந்தது. ஒரு நிறுவனம் மறுத்ததை மற்றொரு நிறுவனம் நிபந்தனையுடன் ஏற்பது உண்டு.

இடர் மதிப்பீட்டில் பொதுவாகக் கேட்கப்படுபவை: நோய் கண்டறியப்பட்ட ஆண்டு, தற்போது பயன்படுத்தும் இன்ஹேலர், மாத்திரைகள், கடந்த ஓராண்டில் மருத்துவமனையில் சேர்ந்த தடவைகள், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்ட தடவைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த விவரம், வீட்டில் ஆக்சிஜன் பயன்பாடு, புகைப்பழக்கம். பீடி, சுருட்டு ஆகியவையும் புகைப்பழக்கமே. ஸ்பைரோமெட்ரி எனப்படும் நுரையீரல் திறன் சோதனை, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றின் அறிக்கைகளும் கேட்கப்படலாம்.

கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலத்துடன் பாலிசி கிடைத்துவிடும். மிதமான சிஓபிடிக்குக் கூடுதல் பிரீமியம் விதிக்கப்படலாம். வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நிலையிலும், அண்மையில் செயற்கை சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட நிலையிலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம். கூடுதல் பிரீமியம் கோரப்பட்டால் அதன் அளவையும், மறுக்கப்பட்டால் அதன் காரணத்தையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.

விண்ணப்பத்துக்கு முன் நுரையீரல் மருத்துவரிடம் சென்று, நோயின் பெயர், தீவிரம், தற்போதைய மருந்துகள், கடைசியாக மருத்துவமனையில் சேர்ந்த நாள் ஆகியவை அடங்கிய கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்வது நல்லது. நோய் கட்டுக்குள் உள்ளது என்பதற்கான ஆவணம், நிறுவனத்தின் முடிவைச் சாதகமாக்கக்கூடும். பின்னாளில் 'மறைத்தார்' என்ற வாதம் எழுந்தால் அதே கடிதம் சான்றாகவும் அமையும்.

மறைத்தால் என்னவாகும்?

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன.

2009-ஆம் ஆண்டு தீர்ப்பில், நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் இருந்ததைப் படிவத்தில் தெரிவிக்காமல் எடுக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டில், பணம் தர மறுத்த நிறுவனத்தின் முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. விவேகமுள்ள ஒரு காப்பீட்டாளரின் முடிவைப் பாதிக்கக்கூடிய எந்தத் தகவலும் முக்கியத் தகவலே என்றும், அது தன் அறிவுக்கு எட்டியிருந்தும் தெரிவிக்காதது தவறே என்றும் நீதிமன்றம் கருதியது.

2021 டிசம்பரில் வெளியான தீர்ப்பு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. வெளிநாட்டுப் பயணத்துக்காக மருத்துவக் காப்பீடு எடுத்த ஒருவர், தமக்கு நீரிழிவு உள்ளதைத் தெரிவித்திருந்தார். மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டிருந்தார். அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு ஏற்பட்டு சிகிச்சை பெற்றார். முன்பே இருந்த நோய் என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. உடல்நிலையை மதிப்பிட்ட பின் பாலிசி வழங்கிவிட்டால், விண்ணப்பதாரர் தெரிவித்திருந்த அதே நோயைக் காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்க முடியாது என்று நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், பி.வி.நாகரத்னா அமர்வு தீர்ப்பளித்தது.

நோயைத் தெரிவித்தவருக்குச் சட்டம் துணைநிற்கிறது. மறைத்தவருக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. '60 மாதங்கள் கடந்துவிட்டால் போதும்' என்று எண்ணி மறைப்பதும் ஆபத்தானது. நுரையீரல் நோய் உள்ளவருக்கு அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது மருத்துவமனையில் சேரும் நிலை வரக்கூடும். அப்போது கோரிக்கை நிராகரிக்கப்படுவதுடன் பாலிசியே ரத்தாகவும் கூடும். திட்டமிட்டு மறைத்தது நிரூபிக்கப்பட்டால் மோசடி என்ற விதிவிலக்கும் பொருந்தக்கூடும்.

முகவர் படிவத்தை நிரப்பினாலும், அதில் உள்ள பதில்களுக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு. கையெழுத்திடும் முன்பும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைப் பகிரும் முன்பும் உடல்நலக் கேள்விகளுக்கான பதில்களை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாலிசி ஆவணத்துடன் விண்ணப்பத்தின் நகலும் வரும். அதில் நோய் விவரம் விடுபட்டிருந்தால் உடனே எழுத்துமூலம் திருத்தம் கோர வேண்டும். நிபந்தனைகள் ஏற்புடையதாக இல்லையெனில், ஆவணம் கிடைத்த 30 நாள்களுக்குள் பாலிசியைத் திருப்பி அளிக்கலாம்.

எவற்றுக்குப் பணம் கிடைக்காது?

காத்திருப்புக் காலம் முடிந்த பின்னும் நுரையீரல் நோயாளியின் எல்லாச் செலவுகளும் பாலிசியில் அடங்குவதில்லை. பல குடும்பங்கள் இதை மருத்துவமனைக் கட்டணச் சீட்டைப் பார்த்த பிறகே அறிகின்றன.

மாதந்தோறும் வாங்கும் இன்ஹேலர், மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் ஆகியவை புறநோயாளிச் செலவுகள். இதற்கெனத் தனி வசதி உள்ள பாலிசிகளில் மட்டுமே இவை கிடைக்கும். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள்கள், வீடு திரும்பிய பின் 60 நாள்கள் என்ற அளவில், அந்தச் சிகிச்சையுடன் தொடர்புடைய மருந்துச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கின்றன.

அவசரப் பிரிவில் சில மணி நேரம் நெபுலைசர் வைத்துவிட்டு வீடு திரும்பினால், 24 மணி நேர உள்நோயாளி நிபந்தனை நிறைவேறாததால் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

பணம் வழங்கப்படாத பொருள்கள் என ஐஆர்டிஏஐ வகைப்படுத்திய பட்டியலில், மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர், நெபுலைசர் கிட், ஸ்பேசர், நீராவி பிடிக்கும் கருவி ஆகியவை உள்ளன. இவற்றில் சிலவற்றை ஈடுசெய்யும் கூடுதல் வசதிகளைச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு வழங்குகின்றன.

மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதபோது வீட்டிலேயே பெறும் சிகிச்சைக்குப் பணம் தரும் பிரிவு பல பாலிசிகளில் உண்டு. ஆனால் அந்தப் பிரிவிலிருந்து விலக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழாய் அழற்சியும் இடம்பெறுவது வழக்கம். மூச்சுப் பயிற்சி உள்ளிட்ட நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால், 'ஓய்வு மற்றும் மறுவாழ்வு' என்ற பொது விலக்கின்கீழ் கோரிக்கை மறுக்கப்படலாம்.

அதேவேளையில், கடும் ஆஸ்துமாவுக்கான பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி சிகிச்சையையும், ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகளையும் நவீன சிகிச்சைகள் என்ற பெயரில் பாலிசிகள் ஏற்கின்றன. இவற்றுக்கு உச்சவரம்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

அறை வாடகையும் இணைக் கட்டணமும்

நோய்க்குப் பாதுகாப்பு உண்டு என்றாலும் எவ்வளவு தொகை கைக்கு வரும் என்பதை இரண்டு நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன.

அனைத்து நிறுவனங்களும் ஒரே விதமான நிபந்தனைகளுடன் விற்க வேண்டும் என்று 2020-இல் அறிமுகமான 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியை எடுத்துக்கொள்வோம். இதில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் நாளொன்றுக்கு 2 சதவீதம், எனினும் ரூ.5,000-ஐத் தாண்டக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், எனினும் ரூ.10,000-ஐத் தாண்டக்கூடாது. ஏற்கப்படும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 சதவீதத்தைப் பாலிசிதாரரே இணைக் கட்டணமாக ஏற்க வேண்டும். மூச்சுத்திணறலுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசம் பெறும் நோயாளிக்கு, பெருநகர மருத்துவமனைகளில் இந்த வரம்பு போதாமல் போகலாம்.

வரம்புக்கு மேற்பட்ட அறையைத் தேர்ந்தெடுத்தால் வாடகை வேறுபாடு மட்டுமன்றி, மருத்துவர் வருகைக் கட்டணம், செவிலியர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். ரூ.5,000 வரம்பு உள்ளவர் ரூ.8,000 வாடகை அறையில் தங்கினால், அறையைச் சார்ந்த ரூ.80,000 கட்டணத்தில் ரூ.50,000 மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். மருந்துகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பு பொருந்தாது.

இத்தகைய வரம்புகள், விலக்குகள், காத்திருப்புக் காலங்கள் அனைத்தும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்ற சுருக்க ஆவணத்தில் எளிய மொழியில் தரப்பட வேண்டும். அதை வட்டார மொழியிலும் கேட்டுப் பெறலாம்.

பணியிடக் குழுக் காப்பீடு

பணிபுரியும் நிறுவனம் வழங்கும் குழுக் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருப்பது பொதுவான நடைமுறை. நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் பணியிலிருந்து விலகும் நாளில் அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும். 58 அல்லது 60 வயதில், நோய் முற்றிய நிலையில் புதிய பாலிசி தேடுவது கடினம்.

எனவே, பணியில் இருக்கும்போதே தனிப்பட்ட பாலிசி ஒன்றையும் எடுத்துவைத்தால், ஓய்வு பெறும் வேளையில் காத்திருப்புக் காலம் முடிந்திருக்கும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறவும் விதிகளில் இடம் உண்டு. விலகுவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியிலிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு மாறும்போதும், முன்பு கடந்த காத்திருப்புக் காலம் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கணக்கில் சேரும். எனினும் புதிய நிறுவனம் உடல்நிலையை மதிப்பிட்டு விண்ணப்பத்தை மறுக்கலாம். ஏற்பு உறுதியாகும் வரை பழைய பாலிசியைக் கைவிடக் கூடாது. நடப்பு நிறுவனமோ, முந்தைய ஆண்டுகளில் கோரிக்கை வைத்தார் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது.

செலவைக் குறைக்கும் வழிகள்

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு, முன்பு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி நீக்கப்பட்டுள்ளது. 60 வயது கடந்தவர்களுக்கான பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாக இருந்தால் நிறுவனங்கள் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது.

தனியார் பாலிசி மறுக்கப்பட்டவர்களுக்கு அரசுத் திட்டங்கள் உள்ளன. மாத ஊதியம் ரூ.21,000 வரை உள்ள, இஎஸ்ஐ திட்டத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளர்களும் குடும்பத்தினரும் முன்பே இருந்த நோய்களுக்கும் சிகிச்சை பெறலாம். ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு; முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்பு இல்லை. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிறைவடைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். சேர்க்கை நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

காப்பீடே கிடைக்காத மூத்த குடிமக்களுக்காகச் செய்யும் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு ரூ.50,000 வரை, பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கழிவு கோரலாம்.

மருத்துவமனையில் சேரும்போது

நோயின் கால அளவைப் பற்றிய கேள்விக்கு ஊகத்தில் பதிலளிப்பதைத் தவிர்க்க வேண்டும். மருத்துவரின் பழைய கடிதமும், பாலிசி எண்ணும், நோயைத் தெரிவித்த விண்ணப்பத்தின் நகலும் வீட்டில் ஒரே கோப்பில் இருந்தால், உடன் செல்பவர் சரியான ஆண்டைக் கூற முடியும். சிகிச்சைக்குத் தேவைப்படுவதும் சரியான தகவல்தான்; மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது.

காத்திருப்புக் காலத்துக்குள் நிமோனியா, டெங்கு போன்ற தொற்றுக்காகச் சேர்ந்தால், அது பழைய நுரையீரல் நோயின் விளைவா, தனித் தொற்றா என்பதே கோரிக்கையின் முடிவைத் தீர்மானிக்கும். சிகிச்சை அளித்த மருத்துவரின் கருத்து டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா என்று வீடு திரும்பும் முன் படித்துப் பார்க்க வேண்டும். கால அளவு தவறாகப் பதிவாகியிருந்தால், ஆவணங்களைக் காட்டி அங்கேயே திருத்தம் கோரலாம்.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான வேண்டுகோளின் மீது ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதல் கோரிக்கையின் மீது மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

நிராகரிக்கப்பட்டால்

நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. பாலிசியின் எந்த நிபந்தனையின்கீழ் மறுக்கப்படுகிறது என்பதையும் தெரிவிக்க வேண்டும். எனவே, மறுப்பை எழுத்துமூலம் பெறுவதே முதல் படி.

அடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அளிக்க வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையெனிலும், பதில் திருப்தி அளிக்கவில்லையெனிலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ரூ.50 லட்சம் வரையிலான பிரச்னைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஓராண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வசிப்போருக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது.

குறைதீர்ப்பாளரின் உத்தரவை 30 நாள்களுக்குள் நிறைவேற்றாத நிறுவனம், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 வீதம் புகார்தாரருக்கு வழங்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை அணுகும் உரிமையும் உண்டு. பிரச்னை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். அங்கு ஏற்கெனவே வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை ஏற்கமாட்டார்.

இந்த எல்லாப் படிகளிலும் முதலில் கேட்கப்படும் ஆவணம், பாலிசி எடுத்த நாளில் நிரப்பிய விண்ணப்பப் படிவம். அதில் நோய் உள்ளபடி எழுதப்பட்டிருந்தால், அவசரப் பிரிவில் 'பத்து வருடமாக' என்று சொன்ன பதிலால் அந்தக் குடும்பத்துக்குப் பாதிப்பு வராது.